பெயர் போடாத புகார்

அத்தியாயம் 11

போன வாரம் ஃபீபியை மாடி வராந்தாவில், கையில் போனோடு விட்டுவிட்டு வந்தோம். துணி காயப்போடப் போனவள், கொல்லைப்புறத்துக் கோழிக்கூண்டை மேலிருந்தே படம் எடுத்து, நகராட்சியின் புகார்ப் பக்கத்தில் ஏற்றி, 'பெயரை வெளியிட வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவளாய்க் கீழே இறங்கி, அந்தக் கோழிகளை வளர்க்கும் நாத்தனாரின் கையாலேயே காபி வாங்கிக் குடித்தாள்.

நீங்கள் அவளைத் திட்டியிருப்பீர்கள். நானும்தான் திட்டினேன். ஆனாலும் அவள் கெட்டவள் இல்லை. ரொம்ப நாளாக ஒரு விஷயத்துக்கு உள்ளுக்குள்ளேயே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் மனிதருக்குப் புத்தி இப்படித்தான் கோணலாகப் போகும்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் செல்வகுமார் வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"இங்க கோழி வளர்க்கறது யாருங்க?"

"நான்தான். முட்டை வேணுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே தேவகிருபை கொல்லையிலிருந்து வந்தார்.

ஐம்பத்தைந்து வயது. ஃபீபியின் கணவன் ஜேக்கப்பின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் ஹாலில் இருபத்தாறு வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர். அதனால் பக்கத்தில் நிற்பவரிடமும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். கம்பெனியை மூடிய பிறகும் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். போவதற்குத்தான் இடம் இல்லை. அந்த நாட்களில் வாங்கியவை இந்தக் கோழிகள். நான்கு வாங்கினார். இப்போது பதினொன்று, கூடவே ஒரு சேவல்.

"முட்டை வேணாம்மா. நோட்டீஸ் குடுக்க வந்திருக்கேன்."

தேவகிருபை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றிக் கோழி வளர்த்தல். துர்நாற்றம். அதிகாலையில் சேவல் கூவி அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல். ஏழு நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்.

ஃபீபி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புகாரை அனுப்பி நாலு நாள்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஒருவர் நேரில் வந்து நிற்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. நம் ஊரில் யார்தான் நினைப்பார்கள்?

"அனுமதி எங்க வாங்கணும்? சொல்லுங்க, வாங்கிட்டு வர்றேன்," என்றார் தேவகிருபை.

"அதுக்குக் கூண்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல எடம் விட்டிருக்கணும்மா. உங்க கொல்லையே அவ்ளோ அகலம் இல்ல."

"சரி, கோழிங்கள எடுத்துடறேன். சேவலை மட்டும் ஒரு மூணு ஞாயித்துக்கெழம விடுங்க. அது எங்களுது இல்ல."

"பின்ன யாருது?"

"ஆண்டவருது."

செல்வகுமாரின் பேனா நின்றது.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் முதல் ஈட்டில் பொரிக்கும் சேவல் குஞ்சு ஒன்றின் காலில் தேவகிருபை ஒரு துண்டுத் தோல் வாரைக் கட்டிவிடுவார். கட்டிய நிமிஷத்திலிருந்து அது வீட்டுச் சொத்து இல்லை. அதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, எவ்வளவு போகும் என்று பேச்சுக்குக்கூடக் கேட்கக் கூடாது. அறுப்பின் பண்டிகைக்குச் சர்ச்சில் கொண்டுபோய்க் காணிக்கையாக விட்டால், ஆராதனை முடிந்து ஏலத்தில் போகும். பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரிஜிஸ்டர்ல உரிமையாளர் பேர்னு ஒரு கட்டம் இருக்கும்மா," என்றார் செல்வகுமார். "அதுல ஆண்டவர்னு எழுதினா எங்க ஆபீஸ்ல என்னை இன்னான்னு நெனப்பாங்க?"

ஜேக்கப் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்து நோட்டீஸை எட்டிப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

"யாரு தம்பி புகார் குடுத்தது?"

"பேர் போடல. போட்டோ மட்டும் இருக்கு. பின்னாடி பாருங்க."

தேவகிருபை தாளைத் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் மங்கலாக அச்சாகியிருந்த படத்தைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"மேல இருந்து எடுத்திருக்கு."

கூண்டை மேலிருந்து பார்க்கக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று இந்த வீட்டு மாடி வராந்தா. இன்னொன்று பக்கத்து வீட்டு அன்வரி பேகத்தின் மொட்டை மாடி.

தேவகிருபை தலையைத் தூக்கித் தங்கள் வராந்தாவைப் பார்ப்பார், பிறகு திரும்பித் தன்னைப் பார்ப்பார் என்று ஃபீபி காத்திருந்தாள். அவர் வராந்தாப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அன்வரி வீட்டு மாடியைத்தான் பார்த்தார்.

"அன்வரியா?" என்றார், நம்ப முடியாமல்.

"நம்ம மாடில இருந்தும் எடுத்திருக்கலாமே அண்ணி," என்று ஃபீபியின் வாய் தன்னால் சொன்னது.

"நம்ம வீட்ல யாருக்கு அந்தப் புத்தி போகும்? பேசறதப் பாரு."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன்னைச் சந்தேகப்படக்கூடத் தோன்றாத ஒருவர் முன்னால் எப்படி வாயைத் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் சந்தேகப்பட்டிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பாள்.

தேவகிருபைக்கு இதற்குள் முகம் சிவந்துவிட்டது. பதினொரு வருஷமாக அந்தக் குட்டைச் சுவருக்கு மேலே முட்டை அந்தப் பக்கம் போகும், ஆட்டுப்பால் இந்தப் பக்கம் வரும். அவர் சிக்குன்குனியாவில் கை கால் மடக்க முடியாமல் கிடந்தபோது இரண்டு வேளையும் கஞ்சி வைத்துக்கொண்டு வந்து ஊட்டியது அன்வரிதான். வேறு யாராவது எழுதிப் போட்டிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பார்.

"ஏன் தம்பி, கோழிக்கு மட்டும்தான் ரூல்ஸா? ஆட்டுக்குக் கெடயாதா?"

"ஆடும் அப்படித்தான். எங்க இருக்கு?"

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். வாங்க, காட்டறேன்."

"அண்ணி, வேணாம். விட்டுடுங்க," என்றாள் ஃபீபி.

"நீ சும்மா இரு. உனக்கு மனுஷங்களத் தெரியாது."

அந்த ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மோத்தி என்று பெயர். அன்வரியின் கணவர் மக்பூல் அகமதுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. தோல் மண்டியில் முப்பது வருஷம் ஓடியாடிய மனிதர் ஒரே இடத்தில் உட்கார்ந்தார். அவர் தன் கையால் செய்யும் ஒரே வேலை தினமும் இரண்டு வேளை மோத்தியிடம் பால் கறப்பது. வலது கையால் மெதுவாக அரை மணி நேரம் கறப்பார். அந்த ஆடும் நகராமல் நிற்கும்.

அரை மணியில் இரண்டாவது நோட்டீஸும் எழுதப்பட்டுவிட்டது.

அன்வரி பேகம் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் வந்தார். கையில் நோட்டீஸ் இருந்தது.

"கிருபைக்கா, இன்னா இது? நீ காட்டிக் குடுத்தியாமே."

"நீ மாடி மேல நின்னு போட்டோ எடுப்ப. நான் பாத்துனு இருக்கணுமா?"

"எந்த போட்டோ? நான் எதுவும் எடுக்கலக்கா."

"தெரியாத மாதிரி பேசாத அன்வரி. பேஜாரா இருக்குது."

அன்வரி சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தார். ஃபீபியின் மேல் அவர் பார்வை வந்தபோது அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். ஏற்கெனவே மாட்டியிருந்த வார்தான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் டிபனைக்கூடத் தொடாமல் ஓடினாள்.

*

ஃபீபிக்கு வேறொரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. பெட்டிக்குள் போகும் முன் கடைசியாக ஒவ்வொரு ஜோடியையும் கையில் எடுத்துப் பார்த்து முத்திரை குத்துபவள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அந்தப் பகுதிக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். அதற்காக வீட்டில் ஒரு நன்றி ஜெபக் கூட்டம் வைத்தாள். ஆபீசிலிருந்து மேனேஜர் மேடமே வந்திருந்தார்.

எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கையில் ஒரு கோழி ஹாலுக்குள் நடந்து வந்து மேடத்தின் மடியில் ஏறி உட்கார்ந்தது. ஆமென் சொல்லி முடித்ததும் தேவகிருபை ஓடிப்போய் ஆறு முட்டையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். "நாட்டுக்கோழி முட்டை மேடம். இப்ப உங்க மடில உக்காந்துச்சே, அது போட்டதுதான்," என்று ஹால் முழுக்க அதிரச் சொன்னார். மேடம் சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டார். ஆனால் விரல் நுனியால் வாங்கினார். மறுநாள் கேன்டீனில் ஃபீபி தட்டோடு உட்கார்ந்தபோது பின்னாலிருந்து யாரோ கொக்கரித்தார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எல்லாம்.

இன்று தரம் பார்க்கும் மேஜை முன்னால் நின்று எதைத் தொட்டாலும் அன்வரியின் முகமே கண் முன்னால் வந்தது. பதினோரு மணிக்கு லைன் சூப்பர்வைசர் மோகனா ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள்.

"இன்னா ஃபீபிக்கா, ரெண்டும் எடது காலு. பாஸ் போட்டிருக்கீங்க."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஃபீபியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு கோழியைப் பார்த்து வெட்கப்பட்டவள், இப்போது அந்த வெட்கத்தை நினைத்து வெட்கப்பட்டாள். முதல் வெட்கம் கேன்டீன் வரைக்கும்தான் இருந்தது. இது உடம்பு முழுக்க இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் நகராட்சி அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து, செல்வகுமாரின் எண்ணை வாங்கினாள்.

"சார், காலைல கோழிக்கு நோட்டீஸ் குடுத்தீங்களே. அந்தப் புகார் அனுப்பினவ பேசறேன்."

"சொல்லுங்கம்மா. எந்த வீடு?"

பெயரை மறைக்க ஒரு டிக் போதுமாயிருந்தது. சொல்ல அது போதவில்லை.

"அதே வீடு சார்."

"கோழி இருக்கிற வீடா?"

"ஆமா. அது எங்க நாத்தனார்."

அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அவர் சிரிக்கவில்லை.

"வாபஸ் வாங்க முடியுமா சார்?"

"உங்க புகாரை நீங்க வாங்கிக்கலாம். நேர்ல வந்து பேர் போட்டு எழுதிக் குடுங்க. கூண்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சு சுத்தமா வெச்சுக்கங்க, நான் மேல பேசிப் பாக்கறேன்."

"அந்த ஆடு?"

"ஆட்டுக்குப் புகார் சொன்னது நீங்க இல்லியேம்மா. அந்தம்மா என்னைக் கூப்ட்டுப் போய்க் காட்டினாங்க. அவங்கதான் வந்து வாங்கிக்கணும். நானா போய் யார் வீட்டு ஆட்டையும் எண்றதில்ல. கை காட்டிட்டா எழுதாம இருக்க முடியாது."

அதாவது, மக்பூல் அகமதின் ஆடு நிற்க வேண்டுமானால் தேவகிருபை மனசு மாற வேண்டும். தேவகிருபை மனசு மாற வேண்டுமானால் அன்வரி மேல் தப்பில்லை என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

அடுத்து ஜேக்கப்பைக் கூப்பிட்டாள். அவன் தோல் தொழிற்சாலையில் பதனிடும் டிரம் ஓடும் ஷெட்டிலிருந்து வெளியே வந்து பேசினான். அவள் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும், "தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"போட்டோ ஓரத்துல கொடிக்கயிறு தெரிஞ்சுது. என் லுங்கி தொங்கினு இருந்துச்சு. அக்காவுக்குக் கண்ணு கம்மி, கவனிக்கல."

"காலைலயே பாத்துட்டு ஏன் சும்மா போனீங்க?"

"நீயும்தானே சும்மா இருந்த." அவன் குரலைத் தாழ்த்தினான். "இத பாரு ஃபீபி. சொல்லாத. அக்கா தாங்காது. எனக்கும்தான் அந்தக் கோழிங்க ஒரு மாதிரியா இருந்துச்சு. போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன்."

"அன்வரிம்மா இன்னா பாவம் பண்ணாங்க?"

"பக்கத்து வீட்டுச் சண்டை. ரம்ஜானுக்கு பிரியாணி வந்தா சரியாயிடும்."

இந்த ஜேக்கப்பைத் தோல் தொழில்நுட்பம் படிக்க வைத்தது யார் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். அந்தத் தையல் ஹாலில் நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிப் பார்த்த அக்காதான். ஃபீபி போனை வைத்தாள். அவனைத் திட்டவும் தனக்கு அருகதை இல்லை என்று இருந்தது.

*

ஆறு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாசலில் கால் வைத்ததும் குழம்பு வாசனை வந்தது. கோழிக் குழம்பு.

கொல்லைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். கூண்டு காலி. காலில் தோல் வாரோடு சேவல் மட்டும் ஒரு மூலையில் நின்றது.

"சின்னசாமி வந்தான்," என்றது சமையலறையிலிருந்து தேவகிருபையின் குரல். பால் ஊற்றுகிறவர் சின்னசாமி. ஊருக்கு வெளியே நிலம் வைத்திருப்பவர். "ரெண்டு கூடைல போட்டுக் குடுத்துட்டேன். ஏழு நாள் வெச்சுனு அழணுமா? சேவலைத் தூக்கினு சர்ச் ஆயர் வீட்டுக்குப் போனேன். அவங்க இருக்கிறதும் குடியிருப்புப் பகுதிதானாம். ஆயரம்மா வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

"குழம்பு?"

"ஒண்ண நிறுத்தி வெச்சேன். காலைல ஒண்ணும் சாப்பிடாம ஓடினியே. உக்காரு."

தட்டில் சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. பிறகு கரண்டி பாத்திரத்துக்குள் எதையோ தேடி, ஈரலைக் கொண்டுவந்து ஃபீபியின் தட்டில் வைத்தது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஈரல் அவளுக்குத்தான். ஜேக்கப் கேட்டாலும் கிடைக்காது.

ஃபீபி கையைச் சோற்றில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடு."

"அண்ணி, அந்த போட்டோ நான் எடுத்தது."

"எந்த போட்டோ?"

"நோட்டீஸ்ல இருந்த போட்டோ. புகார் அனுப்பினது நான்தான். அன்வரிம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

மனப்பாடம் செய்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது. தேவகிருபை கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். அடுப்பை அணைத்தார். சேலையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"ஜெபக் கூட்டத்துல மேடத்துக்கு முட்டை குடுத்தேனே, அதுவா?"

இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சின்னக் குரலில் பேசி ஃபீபி கேட்டதில்லை.

"கம்பெனில எல்லாரும் சிரிச்சாங்க அண்ணி."

"கோழியப் பாத்தா சிரிச்சாங்க?"

ஃபீபி தட்டிலிருந்த ஈரலை ஓரமாக நகர்த்தினாள்.

"உனக்கு கோழியால வெட்கமா, ஃபீபி? என்னாலயா?"

கோழியாலதான் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பொய்தான், ஆனால் அந்த நேரத்துக்குப் போதும். காலையிலிருந்து எத்தனையோ பொய்யை வாய் திறக்காமலே சொல்லியவளுக்கு, வாய் திறந்து சொல்ல வேண்டிய இந்த ஒன்று வரவில்லை. தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

தேவகிருபை காத்திருந்து பார்த்தார். பிறகு, "சரி," என்றார்.

வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். ஃபீபி கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வழக்கமாகக் குட்டைச் சுவரோரம் நின்று கூப்பிடுகிறவர், இன்று தெருவைச் சுற்றிக்கொண்டு அன்வரி வீட்டின் முன்வாசலுக்குப் போனார்.

கிரில் கதவு பூட்டியிருந்தது. தட்டினார்.

"யாரு?" என்றார் அன்வரி, உள்ளே இருந்து. வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் என்று நன்றாகவே தெரிந்திருக்கும்.

"நான்தான் அன்வரி. கிருபை."

அன்வரி வந்தார். பூட்டைத் திறக்கவில்லை.

"காலைல நான் பேசினது தப்பு. நீ எடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு நகராட்சி ஆபீசுக்குப் போய் ஆட்டு விஷயத்த எழுதி வாபஸ் வாங்கிக்கிறேன். என்னை மன்னிச்சுடு."

"அப்ப யாரு எடுத்தது?"

"தெரியல," என்றார் தேவகிருபை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நற்கருணை எடுக்கிற பெண்மணி. வீட்டில் பல்லி விழுந்த பாலைக்கூட நல்ல பால் என்று சொல்லத் தெரியாதவர். சற்று முன்புதான் தம்பி மனைவி அவரை ஊருக்குமுன் கோழியைவிடக் கேவலமாக நினைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டவர். அவர் அவளுக்காகப் பொய் சொன்னார். ஃபீபியால் அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் எடுத்தேன் அன்வரிம்மா. புகார் குடுத்ததும் நான்தான்."

அன்வரி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேவகிருபையைத்தான் பார்த்தார்.

"தெரியலன்னு சொன்னியேக்கா."

தேவகிருபை தலையைக் குனிந்துகொண்டார்.

"பதினொரு வருஷப் பழக்கம். காலைல நான் சொன்னத நீ நம்பல. இப்ப நீ சொன்னத நான் நம்பினேன். அதுவும் பொய்யி." அன்வரியின் குரலில் கோபம்கூட இல்லை. அசதிதான் இருந்தது.

நிஜத்தைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் ஃபீபி வாயைத் திறந்தாள். அவள் சொன்ன நிஜம் தேவகிருபையைத்தான் பொய்க்காரியாக்கியது.

"ஆட்ட நாங்க பாத்துக்கறோம் அன்வரிம்மா. நோட்டீஸ நிறுத்திடலாம், நான் இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டேன்," என்று அவசர அவசரமாகச் சொன்னாள்.

"ஆடு இல்ல."

"இல்லியா?"

"நோட்டீஸ் வந்துச்சுன்னா அவரு நைட்டு தூங்க மாட்டாரு. மத்தியானமே ஒரு டாடா ஏஸ் வண்டி பேசிட்டாரு. நாட்றம்பள்ளில அவர் தங்கச்சி வீட்ல கட்டிட்டு வர்றேன்னு அவரே கூடப் போனாரு. மூணு மணிக்குப் போனவரு." அன்வரி கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிக்கு போன் போட்டேன். நாலரைக்கே ஆட்ட எறக்கிட்டு, வண்டிய முன்னாடியே அனுப்பிட்டாராம். நான் பஸ்ல போய்க்கறேன்னு சொல்லிட்டுக் கெளம்பினாராம். இவரு போன் இங்க மேஜை மேல கெடக்குது."

மணி ஏழு. ஒரு கை விழுந்த மனிதர். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் டிக்கெட்டுக்குக் கை இல்லாதவர்.

"ஜேக்கப்ப வரச் சொல்றேன். பைக்ல போய்ப் பாத்துடலாம்," என்று ஃபீபி போனை எடுத்தாள்.

"வேணாம்."

"அன்வரிம்மா, இருட்டிடுச்சு..."

"வேணாம்னு சொன்னேன். எங்க ஆளுங்க போயிருக்காங்க. உங்க வீட்ல இருந்து யாரும் வர வேணாம்."

அவர் உள்ளே போய்விட்டார். வாசல் விளக்கை அணைக்கவில்லை. அது மக்பூல் பாய்க்காக எரிந்தது.

தேவகிருபை அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்தார். "அவரு வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன் அன்வரி," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். தெருவுக்கே கேட்கும் அந்தப் பழைய குரல் திரும்பவில்லை. உள்ளே கேட்டதோ இல்லையோ.

"அண்ணி," என்றாள் ஃபீபி.

"நீ போ. போய் சாப்பிடு. ஆறிடப் போவுது."

திட்டியிருந்தால் நின்றிருப்பாள். அவர் பக்கத்தில் போய் உட்கார ஃபீபிக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய் அந்தத் தட்டின் முன்னால் உட்காரவும் முகம் இல்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே, தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.